கேள்விக்குறி இல்லாத முகவரி: டைனமிக் தளத்துக்கு யூஆர்எல் அமைப்பது எப்படி

பிளாகரில் தமிழில் எழுதிப் பழகியவர்களுக்கு ‘பிளாக்-போஸ்ட்_23.எச்டிஎம்எல்’ என்ற வால் மறந்திருக்காது. தலைப்பு எதுவானாலும் முகவரி அதுதான். கவிதைக்கும் அதே பெயர், வத்தக்குழம்பு செய்முறைக்கும் அதே பெயர். கடைசி எண் மட்டும் மாறும். தலைப்பிலிருந்து முகவரியைச் செய்யும் நிரல் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கி எறிந்துவிடும். முழுத் தமிழ்த் தலைப்பில் அப்படி எறிந்தால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் விவரமானவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்பு வைத்துப் பதிவை வெளியிடுவார்கள்; முகவரி உருவானதும் தலைப்பைத் தமிழுக்கு மாற்றிவிடுவார்கள். தமிழ்ப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த எஸ்இஓ (தேடலில் மேலே வருவதற்கான) வித்தைகளில் இதுவும் ஒன்று.

சொந்தமாக நிரல் எழுதி, பிஎச்பி-யிலோ ஜாங்கோவிலோ லாராவெலிலோ தளம் கட்டுகிறவருக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவங்களில் வரும். சுத்தமான முகவரிக்குச் சர்வரில் எழுத வேண்டிய விதிகள் அரை மணி நேர வேலைதான். எந்தப் பக்கத்துக்கு எது முகவரி என்று முடிவு செய்வதும், முடிவு செய்ததை ஐந்து வருடம் கழித்தும் காப்பாற்றுவதும்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

ஒரு தமிழ்ப் புத்தகக் கடையின் தளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு புத்தகத்தின் பக்கம் ‘புத்தகம்.பிஎச்பி?ஐடி=4821&வகை=7’ என்ற முகவரியில் திறக்கிறது. (இங்கே தமிழில் எழுதிக்காட்டுகிறேன், நிஜத்தில் அது ஆங்கிலத்தில் இருக்கும்.) சர்வரில் 4821 என்ற பெயரில் எந்த ஃபைலும் இல்லை. இருப்பது ஒரே ஒரு நிரல். கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிற எண்ணை எடுத்து, டேட்டாபேஸில் தேடி, பக்கத்தை அந்த நிமிடமே சமைத்துக் கொடுக்கிறது. டைனமிக் தளம் என்றால் இவ்வளவுதான். 1993-ல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ ஆய்வு மையத்தில் சிஜிஐ என்ற, சர்வர் ஒரு நிரலை ஓட்டிப் பதில் வாங்கும் ஏற்பாடு வந்ததிலிருந்தே இந்தக் கேள்விக்குறி நம்மோடு இருக்கிறது. 1995-ல் பிஎச்பி வந்தபின் ஊரெல்லாம் பரவியது.

தேடுபொறிகளுக்கு அந்தக் கேள்விக்குறி மேல் பயம் இருந்தது, நியாயமான பயம். ஒரு ஃபைல் என்றால் அதற்கு ஒரு முகவரி. ஆனால் நிரல் எத்தனை முகவரி வேண்டுமானாலும் தரும். ‘அடுத்த மாதம்’ என்ற பட்டன் உள்ள ஒரு காலண்டர் பக்கத்துக்குள் நுழைந்த பாட் (தேடுபொறிக்காகப் பக்கங்களைப் படித்துத் திரியும் நிரல்), 2400-ஆம் ஆண்டு வரை போய்க்கொண்டே இருக்கும். பிஎச்பி-யின் செஷன் எண் (வருகிற ஒவ்வொருவரையும் அடையாளம் காணும் எண்) வேறு. குக்கி இல்லாதவர்களுக்கு அதை முகவரியிலேயே ஒட்டி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. பாட்கள் பொதுவாகக் குக்கி வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு முறை வரும்போதும் அதே பக்கம் புது முகவரியில் கிடைக்கும். கூகுள் தன் வெப்மாஸ்டர் வழிகாட்டியில், ‘&ஐடி=’ என்ற பாராமீட்டரை (கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பெயர்-மதிப்பு ஜோடியை) முகவரியில் பயன்படுத்தாதீர்கள், அப்படிப்பட்ட பக்கங்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்றே எழுதி வைத்திருந்தது. 2006-ல்தான் அந்த வரியை எடுத்தார்கள்.

அப்புறம் 2008 செப்டம்பரில் கூகுள் தலைகீழாக ஒன்று சொன்னது: டைனமிக் முகவரிகளை எங்களால் நன்றாகவே படிக்க முடிகிறது, அவற்றை நிலையான முகவரி போல மாற்றி எழுத மெனக்கெடாதீர்கள், அரைகுறையாக மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் காரணத்தைக் கவனித்தால் நியாயம் புரியும். ‘வரிசை=விலை’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், அது பக்கத்தின் சாரத்தை மாற்றாத பாராமீட்டர் என்று பாட் ஊகித்துவிடும். அதையே ‘/7/4821/2/ஏ/’ என்று சாய்கோடுகளுக்குள் அமுக்கிவிட்டால், எது புத்தகம், எது வரிசைமுறை, எது குப்பை என்று யாருக்குத் தெரியும்? கேள்விக்குறியை எடுத்துவிட்டதாலேயே முகவரி சுத்தமாகிவிடாது. இந்த ஒரு விஷயம் புரியாமல் செய்த வேலையைத்தான் பழைய தளங்களில் இன்றும் பார்க்கிறோம்.

சரி, முகவரியில் சொல் இருந்தால் தேடலில் மேலே வருமா? கொஞ்சம். கூகுளின் தேடல் பிரிவைச் சேர்ந்த ஜான் மியூல்லர் பலமுறை சொல்லியிருப்பதுபோல், அது மிக மிகச் சின்னக் காரணி. பிபிசி தமிழின் கட்டுரை முகவரிகளைப் பாருங்கள்: ‘தமிழ்/ஆர்ட்டிகிள்ஸ்’ என்பதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த அர்த்தமில்லாத ஒரு குறியீடு, அவ்வளவுதான். தேடலில் அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது? போதாக்குறைக்கு, 2025 ஜனவரியில் கூகுள் மொபைல் தேடல் முடிவுகளில் முகவரியின் பாதைப் பகுதியைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. டொமைன் மட்டும் தெரியும். நம் வாசகர்களில் பெரும்பாலோர் போனில்தான் தேடுகிறார்கள். ஆகவே ‘கீவேர்ட் வைத்த முகவரி’ என்று பணம் வாங்கிக்கொண்டு விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

பிறகு எதற்கு இந்தப் பாடு என்றால், ஒரு பொருளுக்கு ஒரே ஒரு முகவரி இருக்க வேண்டும், அந்த முகவரி மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. தேடுபொறிக்கு இதுதான் பெரிய உதவி. மற்ற தளங்கள் கொடுக்கிற இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். பாட் ஒரே பக்கத்தை எட்டு தடவை படித்து நேரத்தை வீணாக்காது. வாட்ஸ்அப்பில் யாராவது இணைப்பை அனுப்பினால், திறக்கும் முன்பே எதைப் பற்றியது என்று தெரிவது மனிதர்களுக்குக் கிடைக்கும் உதவி.

இயந்திரத்துக்கு வருவோம். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்கான மாட்-ரீரைட் என்ற மாட்யூலை (துணைப் பகுதியை) ரால்ஃப் எங்கல்ஷால் 1996-ல் எழுதினார். முகவரியை ரெஜெக்ஸால் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரத்தால்) பொருத்தி, வேறொன்றாக மாற்றி நிரலிடம் கொடுக்கும் வசதி அது. சக்தி வாய்ந்தது, அதே அளவு தலைவலியும் தரும். இது மாந்திரீகம் மாதிரி என்று அதன் பயனர்களே சொல்லிக்கொண்ட காலம் உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் ஒரு விதி எழுதுவார்கள்: புத்தகத்துக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பதிப்பகத்துக்கு ஒன்று. முப்பது விதி சேர்ந்ததும் எது எதை முந்துகிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும்.

இன்று யாரும் அப்படி எழுத வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் அந்தச் சில வரிகளைத் திறந்து பார்த்தால் விஷயம் எளிமையாக இருக்கும். கேட்கப்பட்ட பெயரில் நிஜமாகவே ஒரு ஃபைல் இருக்கிறதா? இருந்தால் அதைக் கொடு. அந்தப் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா? இருந்தால் அதைக் கொடு. இரண்டும் இல்லையா? இன்டெக்ஸ்.பிஎச்பி-யிடம் அனுப்பிவிடு, அது பார்த்துக்கொள்ளும். படமும் சிஎஸ்எஸ்-சும் (பக்கத்தின் அலங்கார விதிகளும்) நேராகப் போய்விடும், மற்றதெல்லாம் ஒரே வாசல் வழியாக நிரலுக்குள் வரும். எந்த முகவரி எந்தப் பக்கம் என்ற முடிவு இனி நிரலின் கையில். லாராவெல், சிம்ஃபனி எல்லாம் இதே வழிதான். எஞ்சின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் என்றால் ‘டிரை ஃபைல்ஸ்’ என்ற ஒரே வரி இதே மூன்று கேள்வியையும் கேட்டுவிடும். அப்பாச்சியில் ஃபோல்டருக்குள்ளேயே விதிகளை எழுதி வைக்கும் எச்டிஆக்சஸ் ஃபைல் என்பதே அங்கே கிடையாது, சர்வரின் கான்ஃபிக்கில்தான் எழுத வேண்டும். அப்பாச்சியிலிருந்து எஞ்சின்எக்ஸுக்கு மாறியதும் முகப்பு தவிர எல்லாப் பக்கமும் 404 (‘பக்கம் இல்லை’ என்ற பிழை) ஆகிறதே என்று அலறுபவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

அப்பாச்சியிலேயே 404 வந்தால் பார்க்க வேண்டியவை இரண்டு. ரீரைட் மாட்யூல் இயக்கத்தில் இருக்கிறதா. ‘அலவ்-ஓவர்ரைட்’ என்ற அமைப்பு திறந்திருக்கிறதா. அப்பாச்சி 2.4-ல் அது இயல்பாகவே மூடியிருக்கும், எச்டிஆக்சஸில் நாம் எழுதுவதை சர்வர் கண்டுகொள்ளவே செய்யாது. ஏதாவது புரியாத வார்த்தையை எச்டிஆக்சஸின் முதல் வரியில் எழுதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 500 பிழை வந்தால் சர்வர் ஃபைலைப் படிக்கிறது. ஒன்றுமே ஆகவில்லை என்றால் படிக்கவில்லை. வேறு எந்தச் சோதனையையும்விட இது வேகம்.

முகவரி வேலை செய்ய ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிற அடுத்த பிரச்சினை: பக்கம் வருகிறது, ஆனால் அலங்காரம் எல்லாம் போய் வெறும் எழுத்தாக நிற்கிறது. காரணம், ‘சிஎஸ்எஸ்/ஸ்டைல்’ என்று முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுதியிருப்பார்கள். பழைய முகவரியில் பக்கம் தளத்தின் மேல்மட்டத்திலேயே (ரூட்) இருந்தது, அதனால் பிரவுசர் சரியான இடத்தில் தேடியது. இப்போது முகவரி ‘/புத்தகம்/ஏதோ-பெயர்’ ஆனதும், பிரவுசர் ‘/புத்தகம்/சிஎஸ்எஸ்/ஸ்டைல்’ என்று போய்க் கேட்கிறது. அப்படி ஒரு ஃபைல் இல்லை. சரி, 404 வந்தால்கூடப் பரவாயில்லை. நம் விதி என்ன சொல்கிறது? ஃபைல் இல்லையென்றால் இன்டெக்ஸிடம் அனுப்பு. நிரலும் விவரம் தெரியாமல் ஒரு முழுப் பக்கத்தைத் தயாரித்து, 200 என்ற வெற்றிக் குறியோடு சிஎஸ்எஸ் இடத்தில் கொடுத்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு படம், இரண்டு ஸ்டைல், மூன்று ஸ்கிரிப்ட் என்று நிரல் தேவையில்லாமல் ஓடி, சர்வர் மூச்சு வாங்கும். சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையாக மாற்றினால் அலங்காரம் திரும்பிவிடும். கையோடு நிரலிலும் ஒரு திருத்தம் வேண்டும்: தெரியாத முகவரி வந்தால் ‘மன்னிக்கவும்’ என்று எழுதிய பக்கத்தை 404 குறியோடு அனுப்ப வேண்டும். 200 போட்டு மன்னிப்புக் கேட்கும் தளங்கள் ஏராளம். அந்தப் பக்கங்களையும் கூகுள் வேலை மெனக்கெட்டுப் படித்து, பிறகு ‘சாஃப்ட் 404’ என்று தனியாகப் பட்டியல் போடும்.

இப்போது முகவரியில் என்ன எழுதுவது என்ற கேள்வி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உருவான தேதியைத் தவிர முகவரியில் எதை எழுதினாலும் அது ஒரு நாள் மாறும், ஆகவே மாறக்கூடியதை எழுதாதே என்பது அவர் கட்சி. ஆசிரியர் பெயர், தலைப்பு வகை, ஃபைலின் நீட்டிப்பு, பின்னால் ஓடும் மென்பொருளின் அடையாளம் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறார். சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் செய்தி முகவரிகள் ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘.ஈசிஈ’ என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்கெனிக் கன்டென்ட் எஞ்சின் என்ற மென்பொருளின் முதலெழுத்துகள் அவை. செய்தி படிப்பவருக்கு அதனால் எந்தத் தகவலும் இல்லை. ஆனால் லட்சக்கணக்கான இணைப்புகளில் பதிந்துவிட்ட பிறகு அதை எடுப்பதும் லேசான காரியமில்லை. புதிதாகக் கட்டுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை: ‘.பிஎச்பி’ என்பதை முகவரியில் காட்டவே வேண்டாம்.

வகையின் பெயரையும் நான் தவிர்த்துவிடுவேன். ‘/நாவல்/வரலாற்று-நாவல்/பெயர்’ என்ற அடுக்கு பார்க்க அழகுதான். ஆனால் புத்தகக் கடையில் வகைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே புத்தகம் இரண்டு வகையில் வரும். இரண்டு வகையில் வந்தால் இரண்டு முகவரி. ‘/புத்தகம்/பெயர்’ போதும். வகைப்பாட்டை பக்கத்தின் மேலே தெரியும் வழிகாட்டி வரியில் காட்டிக்கொள்ளலாம்.

பெயர் மட்டுமா, எண்ணும் சேர்த்தா? இங்கே நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். அங்கே முகவரியில் முதலில் கேள்வியின் எண், அதன் பிறகு கேள்வியின் தலைப்பு. டேட்டாபேஸைத் தேடுவது எண்ணை வைத்துத்தான், தலைப்பு மனிதர்களுக்காக. யாராவது தலைப்பைத் திருத்தினாலும், மின்னஞ்சலில் வரி மடங்கி முகவரியின் வால் அறுந்துபோனாலும், எண் இருக்கும்வரை பக்கம் கிடைக்கும். தப்பான வாலோடு வந்தவரைத் தளம் சரியான முகவரிக்கு மாற்றி அனுப்பிவிடும். அந்த மாற்றி அனுப்பும் படி முக்கியம். அது இல்லாவிட்டால் ‘/4821/நல்ல-பெயர்’, ‘/4821/எவனோ-எழுதிய-கெட்ட-பெயர்’ இரண்டுமே ஒரே பக்கத்தைக் காட்டும். குறும்புக்காரர்கள் அதை வைத்து விளையாடியதும் உண்டு.

பெயர் மட்டும் என்று முடிவெடுத்தால், டேட்டாபேஸில் ஸ்லக் (முகவரியின் கடைசியில் வரும் பெயர்ப் பகுதி) என்று தனி நெடுவரிசை வைத்து, அதற்குத் தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே பெயர் இரண்டு முறை வராது என்ற விதி) போட்டே ஆக வேண்டும். தலைப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடக் கூடாது. ஒரு முறை உருவாக்கியதைச் சேமித்து வைத்து, தலைப்பு மாறினாலும் அதைத் தொடக் கூடாது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் பழைய பதிப்புகளில் 255 எழுத்து நீளத்துக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேடுவதற்கான அட்டவணை) போட்டால் பிழை வரும். 767 பைட் எல்லையை எழுத்துக்கு அதிகபட்சம் 4 பைட் என்று வகுத்தால் 191. வேர்ட்பிரஸின் டேபிள்களில் 191 என்ற விசித்திர எண் அங்கங்கே தலைகாட்டுவது இதனால்தான்.

ஸ்லக்கைத் தமிழிலேயே வைக்கலாமா? நம்மவர்களுக்கு நிஜமான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஆங்கிலக் கையேடுகளில் இதற்குப் பதில் கிடைக்காது.

முகவரிக்குள் நேரடியாகத் தமிழ் எழுத்து பயணிக்காது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவிகிதக் குறியும் இரண்டு இலக்கமுமாக 3 எழுத்தாக மாறும். ஆக ஒரு குறிக்கு 9. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. முகவரியில் 45 எழுத்து. பிரவுசரின் முகவரிப் பட்டையில் அழகாகத் தமிழில் தெரியும். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ‘%ஈ0%ஏஈ’ என்று ஆரம்பித்துத் திரை முழுக்கக் கொட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் குறும் முகவரி ஒன்று தர ஏற்பாடு செய்ததற்கே இந்த நீளம்தான் காரணம்.

வேர்ட்பிரஸில் இது இன்னொரு வழியில் கடிக்கும். அது ஸ்லக்கை இந்தச் சதவிகித வடிவத்திலேயே சேமிக்கிறது, அந்த நெடுவரிசையின் நீளம் 200. தமிழ்க் குறிகளாகக் கணக்கிட்டால் 22-தான் அடங்கும். ‘தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத்தகடு ஒட்டுவது எப்படி’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வையுங்கள். தஞ்சாவூர் 9 குறி, ஓவியங்களில் 11 குறி, ஆக 180 எழுத்து. இடைவெளிக்கான இரண்டு சிறுகோட்டோடு 182. மிச்சம் 18, அதாவது இரண்டு குறி. ஸ்லக் ‘தஞ்சாவூர்-ஓவியங்களில்-தங’ என்று முடிந்துவிடும். தங்கத்தில் புள்ளிகூட மிஞ்சாது. இது பிழையே அல்ல, நிரல் தன் விதிப்படி ஒழுங்காகத்தான் நறுக்கியிருக்கிறது. தமிழில் ஸ்லக் வைப்பதானால் இரண்டு சொல்லில், கையால் எழுதி வைக்க வேண்டும்.

சொந்த நிரல் எழுதுகிறவர் வேறு ஒரு குழியில் விழுவார். எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை நீக்கு என்று ரெஜெக்ஸ் எழுதுவது வழக்கம். யூனிகோடைப் பொறுத்தவரை ‘த’ எழுத்து. ஆனால் கொக்கியும் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்து வகையைச் சேர்ந்தவை அல்ல, ‘குறி’ என்ற தனி வகை. எழுத்தை மட்டும் வைத்துக்கொள் என்றால் அவை எல்லாம் உதிர்ந்துவிடும். தமிழ் ‘தமழ’ ஆகும். மான், மீன், மின், முன் நாலும் ‘மன’ ஆகும். கோவிலும் காவலும் ‘கவல’. பைத்தானில் சொல்-எழுத்து என்று ரெஜெக்ஸில் எழுதும் வழக்கமான குறிக்கே இந்தக் குணம் உண்டு. அதனால் பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோவின் ஸ்லக் வசதியில் யூனிகோடை அனுமதித்தாலும் தமிழ் இப்படி மொட்டையடிக்கப்பட்டுத்தான் வரும். ரெஜெக்ஸில் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மீன்’ என்ற பக்கத்துக்கும் ‘மான்’ என்ற பக்கத்துக்கும் தனித்துவ மோதல் வந்து நிரல் ‘மன-2’ என்று வைக்கும்போதுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

இத்தோடு முடியவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் தமிழ்ச் சொல் கணினிக்கு இரண்டாக இருக்க முடியும். ‘கொலு’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். முதல் வழியில் முகவரி 36 எழுத்து, இரண்டாம் வழியில் 45. திரையில் இரண்டும் கொலுதான். யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கத்தைப் போட்டால் இந்த வேறுபாடு சரியாகிவிடும். ஆனால் என்எஃப்சி-யும் காப்பாற்றாத இடங்கள் உண்டு. ஸ்ரீரங்கத்தின் ‘ஸ்ரீ’யை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். ஔவையாரை ஔகாரத்தில் எழுதுபவரும் உண்டு, ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதுபவரும் உண்டு. சில விசைப்பலகைகள் கண்ணுக்கே தெரியாத பூஜ்ய அகலக் குறியை நடுவில் செருகிவிடும். தளத்துக்குள் வரும் முகவரியை டிகோட் செய்து, என்எஃப்சி போட்டு, பூஜ்ய அகலக் குறிகளை நீக்கி, ஶ்ரீயை ஸ்ரீயாக்கி, பிறகு டேட்டாபேஸில் தேடுவது என்று ஒரு சின்னச் செயற்கூறு எழுதிவிட்டால் நிம்மதி. சேமிக்கும்போதும் அதே செயற்கூறு வழியாகத்தான் சேமிக்க வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் செய்தால் பக்கம் சிலருக்கு மட்டும் 404 காட்டும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

ரோமன் எழுத்தில் ஸ்லக் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வேறு தொல்லை வரும். ‘ழ’வுக்கு எதை எழுதுவது, நெடிலுக்கு இரட்டை எழுத்தா ஒற்றையா, ‘த’வுக்கு எச் சேர்ப்பதா என்று ஒவ்வொருவர் ஒரு விதம். தளத்துக்கென்று ஒரே ஒலிபெயர்ப்பு அட்டவணையை நிரலில் வைத்து, ஆசிரியர் குழுவில் யாரும் கையால் எழுதாமல் பார்த்துக்கொள்வதே வழி. என் தேர்வு: எண் முன்னால், ரோமனில் இரண்டு மூன்று சொல் பின்னால். பல தமிழ்ச் செய்தித் தளங்களும் எண்ணோடு ஆங்கில ஸ்லக் என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அகராதி, கலைக்களஞ்சியம் மாதிரி சொல்லே பக்கமாக இருக்கும் தளம் என்றால் மட்டும் தமிழிலேயே வைப்பேன்; அங்கே வாசகர் முகவரிப் பட்டையில் நேராகச் சொல்லைத் தட்டவும் செய்வார். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வேண்டாம், சிறுகோடு போடுங்கள் என்பது கூகுளின் பழைய பரிந்துரை, இன்றும் அதுவே.

கேள்விக்குறியை முற்றிலும் ஒழிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். புத்தகத்துக்கு, ஆசிரியருக்கு, வகைக்குச் சுத்தமான பாதை கொடுங்கள். வரிசைமுறை, விலை வடிகட்டி போன்றவை கேள்விக்குறிக்குப் பின்னாலேயே இருக்கட்டும். 4 வரிசைமுறை, 5 விலை வரம்பு, 10 பதிப்பகம் உள்ள ஒரு வகைப் பக்கம் 200 முகவரியாகப் பெருகும். அத்தனையிலும் இருப்பது அதே புத்தகங்கள். இவற்றோடு வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருபவை வேறு: விளம்பர இணைப்புகளில் யூடிஎம், 2018-லிருந்து ஃபேஸ்புக் செருகும் எஃப்பிகிளிட் என்று, வாசகர் எங்கிருந்து வந்தார் எனக் கண்காணிக்கும் வால்கள். இப்படிப்பட்டவற்றுக்காகத்தான் 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கனானிகல் குறியைக் கொண்டுவந்தன. பக்கத்தின் தலைப்பகுதியில் ‘இதன் அசல் முகவரி இதுதான்’ என்று ஒரு வரி. எந்த வாலோடு வந்தாலும் அந்த வரி ஒரே முகவரியைச் சொல்ல வேண்டும், கேட்கப்பட்ட முகவரியை அப்படியே திருப்பி எழுதக் கூடாது. நிரல் எழுதுகிறவர்கள் சோம்பலில் செய்யும் காரியம் அதுதான்.

இன்னொன்று. வடிகட்டிப் பக்கங்களை ரோபாட்ஸ் ஃபைலிலும் (பாட் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ஃபைல்) தடுத்து, கனானிகலும் போடுகிறவர்கள் உண்டு. பாட் பக்கத்துக்குள்ளேயே வர முடியாது என்றால் உள்ளே எழுதியிருக்கும் வரியை எப்படிப் படிக்கும்? இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ உள்ளது இல்லாதது, எச்டிடிபி எச்டிடிபிஎஸ், கடைசிச் சாய்கோடு உள்ளது இல்லாதது என்று மட்டுமே ஒரு பக்கத்துக்கு 8 முகவரி சாத்தியம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற ஏழையும் 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லி மாற்றி அனுப்புவது) மூலம் அதற்கு அனுப்ப வேண்டும், அதுவும் ஒரே தாவலில், இடையில் வேறு முகவரிக்குப் போகாமல். எச்டிடிபிஎஸ்-க்கு ஒரு தாவல், டபிள்யூ-க்கு ஒரு தாவல், சாய்கோட்டுக்கு ஒரு தாவல் என்று படிப்படியாக அனுப்பினால் மெதுவான மொபைல் இணைப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். கூகுள்பாட் 10 தாவல் வரை பொறுத்துக்கொள்ளும். வாசகர் பொறுக்க மாட்டார்.

இருக்கிற தளத்தைப் புது முகவரிக்கு மாற்றும்போது பழையதைச் சாகவிடக் கூடாது. சென்னைத் தெருக்களில் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வைத்திருப்பதுபோல, ‘ஐடி=4821’ என்று வருபவருக்கும் வழி தெரிய வேண்டும். இங்கே ஒரு சுழல் ஆபத்து உண்டு: பழையதைப் புதியதற்கு ரீடைரக்ட் செய்கிறோம், புதியதை உள்ளுக்குள் பழையதாக ரீரைட் செய்கிறோம், அது மறுபடி ரீடைரக்ட் விதியில் மாட்டி, பிரவுசர் ‘அளவுக்கு மீறிய ரீடைரக்ட்’ என்று கையை விரித்துவிடும். அப்பாச்சி விதியில் இதைத் தவிர்க்கலாம் என்றாலும், நிரலுக்குள் செய்வதுதான் நிம்மதி. பக்கத்தை டேட்டாபேஸிலிருந்து எடுத்ததும் அதன் சரியான முகவரியைக் கணக்கிடுங்கள். பிரவுசர் கேட்ட பாதையோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் 301. அப்பாச்சியில் ரீடைரக்ட் கொடி மட்டும் போட்டு எண்ணை எழுதாமல் விட்டால் அது தற்காலிகமான 302 ஆகப் போகும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லக்கை மாற்றியே ஆக வேண்டிய நாளும் வரும்: எழுத்துப் பிழை, வழக்கு, பெயர் மாற்றம் ஏதோ ஒன்று. அதற்கு ‘பழைய ஸ்லக்’ என்று ஒரு டேபிள்: பழைய பெயர், புத்தக எண், அவ்வளவுதான். பழைய பெயர் புத்தக எண்ணைக் காட்ட வேண்டும், அடுத்த பெயரைக் காட்டக் கூடாது. பெயரிலிருந்து பெயருக்கு என்று எழுதினால், மூன்று முறை மாற்றிய புத்தகத்துக்கு மூன்று தாவல் ஆகிவிடும். ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். தேடுபொறிக்கு அது போதும். ஆனால் அச்சான புத்தகத்தின் அடிக்குறிப்பிலும், யாரோ ஒருவரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும் இணைப்புகளுக்கு வருடக் கணக்கு கிடையாது. டேபிளில் ஒரு வரி எடுத்துக்கொள்ளும் இடம் நூறு பைட்கூட இருக்காது, எடுக்காமலேயே விட்டுவிடலாம்.

மாற்றிய பிறகு சைட்மேப்பில் (தேடுபொறிக்குக் கொடுக்கும் முகவரிப் பட்டியலில்) புது முகவரிகள் மட்டும் இருக்கின்றனவா, தளத்துக்குள்ளேயே உள்ள மெனுவும் ‘தொடர்புடைய புத்தகங்கள்’ பகுதியும் புது முகவரியைத்தான் கொடுக்கின்றனவா என்று பாருங்கள். சொந்த மெனுவே ரீடைரக்டை நம்பி ஓடும் தளங்கள் உண்டு. பிறகு சில வாரங்களுக்குச் சர்வர் லாகில் (வருகைப் பதிவேட்டில்) 404 வரிகளை மட்டும் வடிகட்டி, அதிகம் கேட்கப்பட்டதிலிருந்து கீழ்நோக்கிப் படித்துக்கொண்டு வரலாம். முதல் இருபது வரிகளில் பாதி ஹேக்கர்கள் தட்டிப் பார்க்கும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கமாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். மீதியில் நாம் மறந்துபோன பழைய முகவரி வடிவம் ஏதாவது ஒன்று இருக்கும்.